கண்ணுக்குள் செலுத்தும் ஊசி: விழித்திரையின் ரத்தக் குழாய்களில் நிகழ்வது என்ன?

கண்ணின் பின்புற உட்சுவரில் படிந்திருக்கும் விழித்திரை கால் மில்லிமீட்டர் அளவே தடிப்புள்ளது. ஆயினும், உடலில் மிக அதிகமாக ஆக்சிஜனைச் செலவிடும் திசுக்களுள் அதுவும் ஒன்று. இத்தேவையை நிறைவேற்ற அதற்கு இரண்டு ரத்த வழிகள் அமைந்துள்ளன. பார்வை நரம்பின் நடுவே புகுந்து வரும் மையத் தமனி கிளைகளாகப் பிரிந்து, பின்னர் மயிரிழையினும் நுண்ணிய தந்துகிகளாகப் பரவி விழித்திரையின் உள்ளடுக்குகளுக்கு ரத்தம் தருகிறது. ஒளியை உணரும் செல்கள் அடங்கிய வெளியடுக்கோ, விழித்திரைக்குப் பின்னால் உள்ள கோராய்டு என்னும் ரத்தக் குழாய்ப் படலத்திலிருந்து ஊட்டம் பெறுகிறது. எழுத்துகளைப் படிக்கவும் முகங்களை அடையாளம் காணவும் உதவும் நடுப்பகுதிக்கு மாகுலா என்று பெயர். அதன் மையத்தில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் அகலத்துக்கு ரத்தக் குழாய்களே இல்லாத ஒரு வட்டம் உண்டு. அங்கு ஒளி தடையின்றி விழுகிறது.

இத்தந்துகிகளின் சுவர் உடலின் பிற பகுதிகளில் உள்ளதைப் போன்றதன்று. உட்சுவர்ச் செல்கள் ஒன்றோடொன்று இடைவெளியின்றிப் பிணைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை வெளியிலிருந்து தழுவியபடி பெரிசைட் எனப்படும் தாங்கு செல்கள் நிற்கின்றன. ரத்தத்தில் உள்ள புரதமும் நீரும் கொழுப்பும் விழித்திரைக்குள் ஒழுகிவிடாமல் காப்பது இந்த ஏற்பாடுதான். சர்க்கரை நோய் நீண்ட காலம் கட்டுப்பாடின்றி இருக்கும்போது முதலில் இழக்கப்படுவனவற்றுள் இத்தாங்கு செல்களும் அடங்கும். அவை போனபின் தந்துகிச் சுவர் ஆங்காங்கே பலூன்போல் உப்புகிறது, கசிகிறது, நாளடைவில் செல்களே இல்லாத வெற்றுக் குழலாகி ரத்தம் ஓடாமல் மூடிக்கொள்கிறது. கண்ணுக்குள் செலுத்தும் ஊசி மருந்தைப் பற்றிப் பேசும்போது கசிவு, அடைப்பு என்னும் இவ்விரு கேடுகளையும் தனித்தனியே மனத்தில் இருத்திக்கொள்வது அவசியம். ஏனெனில், மருந்து இவ்விரண்டிலும் ஒரே விதமாக வேலை செய்வதில்லை.

ரத்தம் கிடைக்காத விழித்திரைப் பகுதி ஏதோ ஒரு வேதிப்பொருளைச் சுரந்து புதிய குழாய்களை வரவழைக்கிறது என்னும் ஊகத்தை 1948-இல் ஐசக் மைக்கேல்சன் முன்வைத்தார். புற்றுநோய்க் கட்டி வளர்வதற்குப் புதிய ரத்தக் குழாய்கள் இன்றியமையாதவை என்றும், அவற்றைத் தடுத்தால் கட்டியையும் தடுக்கலாம் என்றும் 1971-இல் ஜூடா ஃபோக்மேன் வாதிட்டார். குழாய்ச் சுவரைக் கசியவைக்கும் ஒரு புரதத்தை 1983-இல் டோனல்ட் செங்கரும் ஹெரால்ட் டுவோராக்கும் விவரித்தனர். குழாய்களை வளரச் செய்யும் ஒரு புரதத்தை 1989-இல் நெப்போலியோன் ஃபெராரா பிரித்தெடுத்தார். பின்னர் இரண்டும் ஒன்றே என்று தெரியவந்தது. விஇஜிஎஃப் என்று சுருக்கமாக வழங்கப்படும் அந்த வளரூக்கி, சர்க்கரை நோயால் புதுக் குழாய்கள் முளைத்த கண்களின் திரவத்தில் மிகுதியாக இருப்பதை 1994-இல் லாயிட் பால் அயெல்லோவும் உடன் ஆய்ந்தோரும் காட்டியபோது, மைக்கேல்சன் ஊகித்த பொருள் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் கைக்கு அகப்பட்டது எனலாம். கசிவுக்கும் புதுக் குழாய்களின் முளைப்புக்கும் ஒரே புரதம் பொறுப்பாக இருந்ததுதான் பின்வந்த சிகிச்சையின் பெரும் நல்வாய்ப்பு.

விஇஜிஎஃப்பைப் பிடித்துவைக்கப் புற்றுநோய்க்காகச் செய்யப்பட்ட பெவசிசுமாப் என்னும் எதிர்ப்புரதம், குடல் புற்றுநோய் சிகிச்சைக்கு 2004 பிப்ரவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதே ஆண்டின் இறுதியில் கண்ணுக்கென்றே உருவான பெகாப்டனிப் வந்தது. 2006-இல் ரானிபிசுமாப், 2011-இல் அஃப்லிபர்செப்ட் ஆகியவை தொடர்ந்தன. இடையில் 2005-இல், மயாமி நகரின் பிலிப் ரோசன்ஃபெல்ட், பெவசிசுமாப்பின் மிகச் சிறிய அளவைக் கண்ணுக்குள் நேராகச் செலுத்திப் பலன் கண்டதை வெளியிட்டார். புற்றுநோய்க்கான குப்பி ஒன்றில் 100 மில்லிகிராம் மருந்து இருக்க, ஒரு கண்ணுக்கு வேண்டியது 1.25 மில்லிகிராமே; ஒரு குப்பியைத் தூய்மையான சூழலில் பல சிரிஞ்சுகளாகப் பிரித்துக்கொள்ள முடிந்ததால், எளியோருக்கும் இச்சிகிச்சை எட்டியது. வயது முதிர்வால் வரும் மாகுலா நோயில் அது ரானிபிசுமாப்புக்கு நிகரான பார்வையைத் தருகிறது என்பதை 2011-இல் வெளிவந்த அமெரிக்க ஒப்பீட்டு ஆய்வு உறுதிப்படுத்தியது. உலகச் சுகாதார நிறுவனம் 2013-இல் இதை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. ஒரு சிகிச்சையின் வரலாற்றில் மலிவும் தரமும் இப்படி ஒருசேர அமைவது அரிது. அதை இங்கே பாராட்டிச் சொல்லாமல் கடந்து போக இயலாது.

ஊசி போடும் செயல் நோயாளி அஞ்சும் அளவுக்குக் கடுமையானதன்று. மரத்துப்போகச் சொட்டு மருந்து இட்டு, இமைகளையும் கண்ணின் மேற்பரப்பையும் பொவிடோன் அயோடின் கரைசலால் தூய்மை செய்தபின், கருவிழியின் விளிம்பிலிருந்து மூன்றரை முதல் நான்கு மில்லிமீட்டர் தள்ளி, வெள்ளை விழியின் வழியாக மெல்லிய ஊசி உட்செலுத்தப்படுகிறது. லென்சுக்கும் விழித்திரைக்கும் இடையே ஊசிமுனை சேதமின்றிச் செல்லக்கூடிய இடம் அதுவே. பெரும்பாலான மருந்துகளில் உள்ளே போவது ஒரு மில்லிலிட்டரில் இருபதில் ஒரு பங்கு மட்டும். சில நொடிகளில் வேலை முடிந்துவிடுகிறது. விழியை நிறைத்திருக்கும் பாகுபோன்ற விட்ரியஸ் திரவத்தில் கலந்த மருந்து விழித்திரையை அடைந்து, அங்கே திரிந்துகொண்டிருக்கும் விஇஜிஎஃப் மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்கிறது. மருந்தின் அளவு ஒரு வாரம் முதல் பத்து நாட்களுக்குள் பாதியாகக் குறைந்துவிடுவதால், அதன் ஆதிக்கம் சில வாரங்களே நிலைக்கும். தொடக்கத்தில் மாதந்தோறும் ஊசி போடப்படுவது இதனால்தான்.

முதலில் நிற்பது கசிவு. உட்சுவர்ச் செல்களைப் பிணைக்கும் புரதங்களைத் தளர்த்தி அவற்றிடையே இடுக்குகளை உண்டாக்குவது விஇஜிஎஃப்பின் வேலை. அது பிடிக்கப்பட்டவுடன் பிணைப்பு மீளத் தொடங்குகிறது. ஒளியைக் கொண்டு விழித்திரையின் குறுக்குவெட்டைப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேனில் இதைக் கண்கூடாகக் காணலாம். ஊசிக்கு முன் எடுத்த படத்தில் மாகுலாவின் மையக் குழி மேடாக உப்பி, உள்ளே கருநிறக் குமிழ்களாக நீர் கோத்திருக்கும். நன்கு பலன் தரும் கண்களில் சில நாட்களிலோ சில வாரங்களிலோ அக்குமிழ்கள் சுருங்கி, குழி தன் இயல்பான பள்ளத்துக்குத் திரும்பும். எழுத்து வரிகள் வளைந்தும் மங்கியும் தெரிந்தவருக்கு அவை நேராவது இந்த நீர் வடிவதன் விளைவே. பார்வை நன்றாக இருக்கும் கண்களில் பெவசிசுமாப், ரானிபிசுமாப், அஃப்லிபர்செப்ட் ஆகிய மூன்று மருந்துகளும் ஏறத்தாழ ஒரே பலனைத் தருகின்றன என்றும், பார்வை ஏற்கெனவே வெகுவாகக் குறைந்த கண்களில் முதல் ஆண்டில் அஃப்லிபர்செப்ட் முந்துகிறது என்றும், சர்க்கரை நோயால் மாகுலாவில் நீர் கோத்தவர்களிடையே நடந்து 2015-இல் வெளியான அமெரிக்க ஆய்வு கண்டது.

அடுத்து வாடுவன புதுக் குழாய்கள். ரத்தம் கிடைக்காத விழித்திரை எழுப்பும் வேண்டுகோளுக்கு விடையாக முளைக்கும் இக்குழாய்கள், ரத்தம் வேண்டிய இடத்துக்குப் போகாமல் விழித்திரையின் மேற்பரப்பில் ஏறி விட்ரியஸ் திரவத்தை நோக்கிப் படர்கின்றன; மெல்லிய சுவருடையனவாதலால் எளிதில் உடைந்து கண்ணுக்குள் ரத்தத்தை நிரப்புகின்றன. ஊசி போட்ட சில நாட்களிலேயே இவை சுருங்கி ரத்தமற்றுப் போவதும், ஃப்ளூரசின் சாயத்தைக் கைச் சிரையில் ஏற்றி எடுக்கும் ஆஞ்சியோகிராமில் முன்பு மேகம்போல் கசிந்த சாயம் ஊசிக்குப் பின் கசியாமல் போவதும் கண் மருத்துவத்தின் வியப்பான காட்சிகளுள் சேரும். பழைய குழாய்கள் பிழைத்திருக்க, புதியவை மட்டும் ஏன் மடிகின்றன என்ற கேள்வி இங்கே எழுகிறது. தாங்கு செல்களின் அணைப்பைப் பெற்று முதிர்ந்த குழாய், விஇஜிஎஃப் குறைந்தாலும் உயிர் வாழும். அணைப்புக் கிடைக்காத இளம் குழாய்க்கோ அந்த வளரூக்கியே உயிர்நாடி. மருந்தின் பாரபட்சத்துக்கு இந்த வேறுபாடே காரணம்.

வயது முதிர்வால் வரும் மாகுலா நோயில் குழாய்கள் கோராய்டிலிருந்து முளைத்து விழித்திரைக்கு அடியில் புகுகின்றன. அங்கும் நுனிக் கிளைகள் ஊசியால் வாடுகின்றன. ஆனால் தொடர்ந்து சிகிச்சை பெறும் கண்களில், தண்டுபோன்ற மூலக் குழாய்கள் தாங்கு செல்களைச் சேர்த்துக்கொண்டு தடித்து நிலைபெறுவதைப் படங்கள் காட்டுகின்றன. மருந்தின் ஆதிக்கம் தளர்ந்ததும் அத்தண்டிலிருந்து மீண்டும் கிளைகள் புறப்படும். ஆண்டுக்கணக்கில் ஊசி தொடர வேண்டியிருப்பதன் காரணத்தை நோயாளிக்கு இப்படி விளக்கினால், சிகிச்சை தோற்றுவிட்டதோ என்ற ஐயம் பெரும்பாலும் நீங்கும்.

மூடிப்போன தந்துகிகளின் நிலை வேறு. உட்சுவர்ச் செல்களே அழிந்து வெற்றுக் குழலான தந்துகியை விஇஜிஎஃப்பைப் பிடித்துவைப்பதால் திறக்க முடியாது. ஊசி தொடர்ந்து பெற்ற கண்களில் ரத்தப் புள்ளிகள் மறைவதும், சிரைகளின் வீக்கம் தணிவதும், விழித்திரையின் புகைப்படம் ஒரு படி இரண்டு படி நோய் குறைந்ததைப் போல் தோன்றுவதும் உண்மை. ஆனால் விழித்திரையின் ஓரம்வரை படம்பிடிக்கும் ஆஞ்சியோகிராம்களில், ரத்தம் ஓடாத பகுதிகள் பெரும்பாலும் அப்படியே இருப்பது தெரிகிறது. அடைப்பு மேலும் பரவுவதை மருந்து மெதுவாக்குகிறது என்பதற்கு ரானிபிசுமாப் ஆய்வுகளில் சான்று உண்டு. மிகுதியான விஇஜிஎஃப், வெள்ளை அணுக்களைத் தந்துகிச் சுவரில் ஒட்டச் செய்து வழியை அடைப்பதும், மருந்து அதைத் தடுப்பதும் இதற்கு விளக்கமாகக் கூறப்படுகின்றன. இருக்கும் வழிகளைக் காப்பதும் பெரிய பயன்தான். எனினும், வாய்க்கால் தூர்ந்த வயலில் களையை மட்டும் பிடுங்கியதற்கு ஒப்பானது இது. நீர் எட்டாத நிலம் அப்படியேதான் கிடக்கிறது.

நோயாளிக்குச் சொல்லப்பட வேண்டிய மிக முக்கியமான செய்தி இதுவே. நம் மருத்துவமனைகளின் நெரிசலில் பெரும்பாலும் சொல்லப்படாமல் போவதும் இதுவே. பழைய லேசர் முறை, ரத்தமின்றி வாடும் ஓரப் பகுதியின் ஆக்சிஜன் தேவையையே சுட்டுக் குறைத்துவிடுவதால், விஇஜிஎஃப்பின் சுரப்பை நிலையாகத் தணிக்கிறது. பக்கப் பார்வையிலும் இரவுப் பார்வையிலும் சிறிது இழப்பு அதற்கான விலை. ஊசியோ அந்த விலையைக் கேட்பதில்லை. ஆனால் சுரப்பின் ஊற்றையும் அடைப்பதில்லை. புதுக் குழாய்கள் முளைத்த சர்க்கரை நோய்க் கண்களில், இரண்டு ஆண்டு முடிவில் ரானிபிசுமாப் லேசருக்குச் சற்றும் குறைந்ததன்று என்று 2015-இல் வெளியான ஆய்வு நிறுவியது உண்மைதான். அந்த ஆய்வில் நோயாளிகள் குறித்த நாளில் வந்தார்கள் என்பதையும் சேர்த்தே அதை வாசிக்க வேண்டும். மாதக்கணக்கில் மருத்துவமனைக்கு வராமல் நின்றுவிட்டவர்களை ஒப்பிட்டுப் பார்த்த பின்னைய ஆய்வில், லேசர் பெற்ற கண்களைவிட ஊசி மட்டும் பெற்ற கண்களே மோசமான நிலைக்குச் சென்றிருந்தன. கூலி வேலையை விட்டுவிட்டு, துணைக்கு ஓர் ஆளையும் அழைத்துக்கொண்டு, பல மணிநேரம் பயணம் செய்து நகரத்துக்கு வர வேண்டியவருக்கு எந்தச் சிகிச்சை பொருந்தும் என்னும் முடிவில், மருந்தின் திறனுக்கு இணையாக அவருடைய வாழ்நிலையும் எடைபோடப்பட வேண்டும். சென்னையில் நடந்த இரு மக்கள்தொகை ஆய்வுகளில், சர்க்கரை நோயாளிகளுள் ஏறத்தாழ 18 விழுக்காட்டினருக்கு விழித்திரைப் பாதிப்பு காணப்பட்டதை நினைத்தால், தமிழ்நாட்டில் இம்முடிவு எத்தனை குடும்பங்களைத் தொடுகிறது என்பது விளங்கும்.

புதுக் குழாய்களோடு நார்த்திசுவும் வளர்ந்து விழித்திரையைப் பிடித்திருக்கும் கண்களில் வேறோர் ஆபத்து மறைந்திருக்கிறது. விஇஜிஎஃப் திடீரெனக் குறையும்போது குழாய்கள் வாடுகின்றன; ஆனால் நார்த்திசுவை வளர்க்கும் வேறு ஊக்கிகளின் கை ஓங்கி, அத்திசு இறுகிச் சுருங்குகிறது; அது பற்றியிருக்கும் விழித்திரை இழுபட்டு விலகுகிறது. ஊசி போட்ட ஓரிரு வாரங்களில் இது நேரக்கூடும். எனவே இத்தகைய கண்களுக்கு, விட்ரெக்டமி எனப்படும் அறுவைக்குச் சில நாட்கள் முன்னதாகவே ஊசி போடப்படுகிறது. அறுவையின்போது ரத்தப்போக்கு குறைகிறது, விழித்திரை இழுபட அவகாசமும் கிடைப்பதில்லை. அறுவைக்குத் தேதி குறித்தபின் ஊசி போட்டுக்கொண்டு அந்தத் தேதியைத் தள்ளிப்போடுவது எவ்வளவு கேடானது என்பது இதிலிருந்து புலப்படும்.

நலமாக உள்ள குழாய்களையும் மருந்து முற்றிலும் தொடாமல் விடுவதில்லை. நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவைச் சுரக்கச் செய்து தமனிகளை விரித்து வைப்பதில் விஇஜிஎஃப்புக்குப் பங்கு உண்டு. பெவசிசுமாப்பைப் பெரிய அளவில் ரத்தத்தில் ஏற்றிக்கொள்ளும் புற்றுநோயாளிகளுக்கு ரத்த அழுத்தம் உயர்வது நன்கறியப்பட்ட பக்கவிளைவு. கண்ணுக்குள் செலுத்தப்படும் சிறிய அளவும் விழித்திரையின் நுண் தமனிகளைச் சற்றுச் சுருங்கச் செய்வதைச் சில ஆய்வுகள் அளந்து காட்டியுள்ளன. பெரும்பாலான கண்களில் இதனால் பார்வைக்குக் குறை நேர்வதில்லை; மாகுலாவின் தந்துகிகள் ஏற்கெனவே பெருமளவு மூடிப்போன கண்களில் மட்டும் மருத்துவர்கள் கூடுதல் எச்சரிக்கையோடு இருக்கிறார்கள். அண்மையில் பக்கவாதமோ மாரடைப்போ கண்டவர் அதை ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் தெரிவித்துவிட வேண்டும்.

குறைமாதக் குழந்தைகளின் கதை தனியே சொல்லத் தக்கது. கருவின் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் நான்காம் மாதமளவில் பார்வை நரம்பின் அருகே தோன்றி, ஓரத்தை நோக்கி மெல்ல வளர்ந்து, பிரசவத் தறுவாயில்தான் எல்லையைத் தொடுகின்றன. முன்கூட்டியே பிறந்த குழந்தையில் இவ்வளர்ச்சி பாதியில் நிற்க, ரத்தம் எட்டாத ஓரப் பகுதி விஇஜிஎஃப்பைச் சுரந்து, தாறுமாறான குழாய்களை முளைக்கவைக்கிறது. பெரியவர்களுக்கான அளவில் பாதி பெவசிசுமாப், பார்வை நரம்பை ஒட்டிய மிகப் பின்பகுதியில் நோய் உள்ள குழந்தைகளில் லேசரைவிட நல்ல பலன் தருவதை 2011-இல் ஓர் ஆய்வு காட்டியது. இங்கே வியக்கத்தக்கது என்னவெனில், தீய குழாய்கள் வாடியபின், நின்றுபோன இயல்பான குழாய்கள் மீண்டும் ஓரத்தை நோக்கி வளரத் தொடங்குகின்றன. ஆனால் எல்லாக் குழந்தைகளிலும் அவை எல்லையை அடைவதில்லை. லேசருக்குப் பின் நோய் மீள்வதைவிட ஊசிக்குப் பின் தாமதமாக, பல வாரங்கள் கழித்தும் அது மீளக்கூடும். மேலும், மருந்து கண்ணிலிருந்து ரத்தத்தில் கலந்து, வளரும் உடல் முழுவதுக்கும் தேவையான விஇஜிஎஃப்பைச் சில வாரங்கள் குறைக்கிறது. எடை கூடி வீட்டுக்குப் போன குழந்தையைக் கண் பரிசோதனைக்காகத் திரும்பத் திரும்ப அழைத்து வரச் சொல்வதன் காரணத்தைத் தாய்க்குப் பொறுமையாக விளக்குவது மருந்தளவுக்கு முக்கியமான சிகிச்சை.

குழாய்களைக் காக்க வந்த மருந்தே குழாய்களைத் தாக்கியதும் உண்டு. 2019 அக்டோபரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற புரோலுசிசுமாப், அளவில் சிறிய மூலக்கூறு. அதனால் 6 மில்லிகிராம் வரை ஒரே ஊசியில் அடக்கி, மூன்று மாத இடைவெளியைச் சாத்தியமாக்கியது. சில மாதங்களிலேயே, ஊசி பெற்ற சிலரின் விழித்திரைத் தமனிகள் அழற்சியுற்று அடைபடுவதாக 2020 பிப்ரவரியில் அமெரிக்க விழித்திரை மருத்துவர் சங்கம் எச்சரித்தது. அனுமதிக்கு அடிப்படையான ஆய்வுகளின் படங்களை ஒரு குழு மறுபடி பரிசீலித்தபோது, 4.6 விழுக்காட்டுக் கண்களில் உள்ளழற்சியும், 2.1 விழுக்காட்டில் குழாய் அழற்சியோடு கூடிய அடைப்பும் கண்டது. 2022-இல் வந்த ஃபாரிசிமாப் வேறு வழியில் இடைவெளியை நீட்ட முயல்கிறது: விஇஜிஎஃப்போடு சேர்த்து, தாங்கு செல்களின் பிடியைத் தளர்த்தும் ஆஞ்சியோபாய்டின்-2 என்னும் புரதத்தையும் அது பிடித்துவைக்கிறது.

ஸ்டீராய்டு மருந்துகளும் கண்ணுக்குள் செலுத்தப்படுகின்றன. அழற்சியைத் தணித்துக் கசிவைக் குறைக்கும் அவை, விஇஜிஎஃப்பைப் பிடிக்கும் ஊசிகளுக்கு மசியாத நீர்க்கோப்புக்கும், அண்மையில் பக்கவாதம் கண்டவர்களுக்கும் மாற்றாகின்றன. கண்புரை விரைவதும் கண் அழுத்தம் உயர்வதும் அவற்றின் குறைகள்.

ஊசிக்குப் பின் ஓரிரு நாள் கண்ணில் உறுத்தலும், ஊசி நுழைந்த இடத்தில் ரத்தச் சிவப்பும், மிதக்கும் சிறு புள்ளிகளும் இருப்பது இயல்பு. அவை தாமே மறையும். நாளுக்கு நாள் கூடும் வலி, ஒளியைக் காணக் கூசுதல், பார்வை சட்டென மங்குதல், திரை இறங்கியதுபோன்ற நிழல் ஆகியவை அப்படிப்பட்டவை அல்ல. ஆயிரக்கணக்கான ஊசிகளில் ஒன்றிரண்டில் நேரும் கிருமித் தொற்று, குழாய் அழற்சி, விழித்திரை விலகல் ஆகிய மூன்றும் இந்த அறிகுறிகளோடே தொடங்கக்கூடும். எது என்று வீட்டிலிருந்தபடி பிரித்தறிய வழியில்லை. மூன்றிலுமே சிகிச்சைக்கான அவகாசம் மணிக்கணக்கில் எண்ணப்படுவதால், அடுத்த சந்திப்பு நாள்வரை காத்திராமல் அன்றைக்கே கண் மருத்துவமனைக்குச் சென்றுவிட வேண்டும்.